திரும்ப இறக்கிய நெல்லிக்கட்டை

சண்டிலிப்பாயில் முத்துக்குமாருவுக்குக் 'கிணத்துத் தூண்டில்' என்று பட்டப்பெயர். செங்கல் துண்டையும் துவாரம் நிறைந்த முருகைக்கல்லையும் கயிற்றில் கட்டி ஊரார் கிணறுகளில் தொங்கவிட்டு, வாரம் கழித்து வந்து தூக்கிப் போகிற மனிதரை வேறு எப்படி அழைப்பார்கள்? "என்ன, இண்டைக்கு ஏதும் மீன் பட்டதோ?" என்று வேலிப் படலையில் நின்று கேட்பார்கள். "பட்டது. கண்ணுக்குத் தெரியாத சாதி" என்று சொல்லிவிட்டு அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விடுவார். அந்த வேலையை அவர் ஏன் தொடங்கினார் என்பது சிரித்தவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்த மீதிப் பேர் சிரித்திருக்கக் கூடாது.

அவர் ஆசுபத்திரிச் சோதனைச்சாலையில் கண்ணாடித் தட்டுக் கழுவுகிறவராகச் சேர்ந்தவர். பரீட்சை ஒன்றும் தேறியதில்லை. ஆனால் கடலில் அள்ளி வருகிற கஞ்சிப்பாசியைக் காய்ச்சி, வடித்து, தட்டில் உறையவிட்டுக் கிருமி வளர்ப்பதில் அவருடைய கைப்பக்குவம் வேறு யாருக்கும் வராது. கிருமி பார்க்கிற நுணுக்குக்காட்டியில் டாக்குத்தர் நீக்கிலாப்பிள்ளை பார்க்கத் தவறியதை அவர் பார்த்த நாட்களும் உண்டு. ஊரில் காய்ச்சல்காரருக்குக் கொடுப்பதும் அதே கஞ்சிப்பாசிக் களிதான்.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தாறாம் ஆண்டு, மாரி தொடங்கிய கையோடு அவருடைய தங்கை குணலட்சுமியின் புருசன் கனகரத்தினத்துக்கு நெருப்புக்காய்ச்சல், ஆசுபத்திரிப் பேச்சில் தைபோயிட், வந்தது. மனிதர் ஒருவழியாகப் பிழைத்துக்கொண்டார். கிணற்றுத் தண்ணீரில்தான் வினை என்று முத்துக்குமாரு கண்டுபிடித்தார். ஆட்களைக் கூட்டித் துலா மிதித்துக் கிணற்றை வற்ற இறைப்பித்தார். சேறு அள்ளி, சுண்ணாம்பு போட்டு, ஊறி வந்த தண்ணீரில் கிருமி கொல்கிற ஊதா நிறக் கொண்டீசு மருந்தைக் கரைத்தார். மூன்றாம் நாள் போத்தலில் தண்ணீர் எடுத்துப் போய்த் தட்டில் விட்டுப் பார்த்தார். தட்டு துடைத்த மாதிரி வெறுமையாக இருந்தது.

"குடிக்கலாமோ அண்ணை?" என்று குணலட்சுமி கேட்டாள்.

"ஓம், பயப்பிடாமல் குடியுங்கோ. நான் பாத்திட்டன்" என்றார்.

தண்ணீர் இனிக்க வேண்டுமென்று கிணற்றுக்குள் நெல்லிக்கட்டை போட்டு வைப்பது எங்கள் ஊர் வழக்கம். இறைக்கும்போது வெளியே எடுத்த கட்டை பூவரசில் சாத்திக் கிடந்தது. அதை யாரும் தேய்த்துக் கழுவுவதில்லை. கழுவினால் ருசி போய்விடும் என்று நம்பிக்கை. முத்துக்குமாரு தன் கையாலேயே கயிறு கட்டி அதைப் பக்குவமாகத் திரும்ப இறக்கினார். தகப்பன் காலத்துக் கட்டை அல்லவா.

இரண்டு கிழமையில் குணலட்சுமியின் மகள் பத்மாசினிக்குக் காய்ச்சல். ஒன்பது வயது. மாமன் கொண்டுவந்த களியை மட்டும் முகம் சுளிக்காமல் தின்றாள். இருபதாம் நாள் காய்ச்சல் தணிந்த மாதிரி இருந்தது. பிள்ளை சோறு கேட்டு அழுதது. தாய் மனம் தாங்காமல் ஒரு பிடி குழைத்து ஊட்டினாள். மறுநாள் பின்னேரம் வயிறு ஊதிப் பிள்ளை போய்விட்டாள்.

"நான்தான் கொண்டனான். ஒரு பிடி சோத்தைக் குடுத்துக் கொண்டுபோட்டன்" என்று குணலட்சுமி சொன்னாள். அதற்குப் பிறகு அவள் சோறு தொடவில்லை. கூழும் பழமும்தான் அவளுக்கு ஆகாரம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்தும் அப்படியே இருந்தாள். பார்க்கச் சகிக்கவில்லை.

முத்துக்குமாரு கிணற்றுத் தண்ணீரை மறுபடி எடுத்துப் பார்த்தார். தட்டு நிறையக் கிருமிப் புள்ளிகள். சுத்தம் செய்த கிணற்றுக்குள் பிறகு போனது என்ன என்று யோசித்தார். அந்தக் கட்டை ஒன்றுதான். கட்டையைத் தூக்கி வாளால் அறுத்தார். உள்மரத் தூளைத் தட்டில் ஒற்றி வைத்தார். இரண்டாம் நாள் தட்டில் ஊசி குத்த இடமில்லை.

அப்போதும் மனம் ஒப்பவில்லை. கட்டைத் துண்டு, முருகைக்கல், செங்கல் மூன்றையும் கெட்ட தண்ணீரில் பத்து நாள் ஊறவிட்டு, அதில் கொண்டீசைக் கரைத்தார். தண்ணீரில் ஒன்றும் முளைக்கவில்லை. கல்லை உடைத்து உள்ளே எடுத்த பொடியில் முளைத்தது. உடைக்காத துண்டைக் கொதித்தாறிய நல்ல தண்ணீரில் போட்டு வைத்தார். ஒரு கிழமையில் அந்தத் தண்ணீரும் கெட்டது. மருந்து தண்ணீரைத்தான் கழுவியிருக்கிறது. துவாரங்களுக்குள் இருந்தவை சுகமாக இருந்திருக்கின்றன.

டாக்குத்தர் வெகுநேரம் நுணுக்குக்காட்டியில் குனிந்திருந்தார்.

"காய்ச்சல் கிருமி மாதிரித்தான் கிடக்கு. ஆனால் சத்தியம் பண்ணேலாது முத்துக்குமாரு. சோறும் அந்தப் பிள்ளையின்ரை புண்பட்ட குடலுக்குக் கூடாதுதான்."

"தங்கச்சிக்குச் சொல்லவேணுமோ ஐயா?"

"அது உம்முடைய காரியம்."

சொன்னால் தங்கையை இழக்க வேண்டிவரும். சொல்லாவிட்டால் தங்கை தன்னையே தின்று முடித்துவிடுவாள். மூன்று நாள் ஆசுபத்திரிக்கும் வீட்டுக்குமாக நடந்தார். நாலாம் நாள் காலை அவள் வீட்டுக் கிணற்றடிக்குப் போய், துணி தோய்த்துக்கொண்டிருந்தவளிடம் எல்லாவற்றையும் சொன்னார். கட்டை, அதை இறக்கிய கை, தட்டு, கல், ஒன்றையும் விடவில்லை.

குணலட்சுமி ஈரத்துணியைப் பிழியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் அவள் காலில் வடிந்தது.

"அப்ப சோத்தாலை இல்லையோ அண்ணை?"

டாக்குத்தர் சொன்னது அவருக்கு ஞாபகம் இருந்தது.

"இல்லை" என்றார். "சத்தியமாய் இல்லை."

அவள் அவரை இருக்கச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. வீட்டுக்குள் போய்விட்டாள். அதன்பின் ஏழு வருடம் தமையனோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. அந்த ஏழு வருடமும்தான் அவர் கயிற்றையும் கல்லையும் தூக்கிக்கொண்டு, ஊறின கல்லை உடைத்துக் கிருமி பார்த்து, பழைய கட்டையைத் திரும்பப் போடாதேயுங்கோ என்று கிணறு கிணறாகத் திரிந்தது.

ஆனால் அன்று பின்னேரம் கனகரத்தினம் சோதனைச்சாலை வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. "அவள் மத்தியானம் சோறு திண்டவள்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.