கிள்ளான் மாப்பிள்ளையின் சந்திரகிரி வில்லா

வெள்ளிக்கிழமை காலை ஐந்தரை மணிக்குச் சித்தூர் பஸ் நிலையத்தில் திருப்பதி வண்டி ஏறினேன். கண்டக்டர் "எக்கடிக்கி?" என்று கேட்டார். சொன்னேன். காதில் விழவில்லை என்று மறுபடியும் கேட்டார். மறுபடியும் சொன்னேன். பின்சீட்டுக்காரர் பொறுமை இழந்து, "திருப்பதியாம்பா, துட்ட வாங்கிக்கினு வுடு" என்றார். என் குரல் அப்படி. டிக்கெட் நூற்றுப் பத்து ரூபாய். தூரம் ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர்.

நான் சித்தூரை ஒட்டிய குடிபாலா பக்கத்தில் வேர்க்கடலை போடுகிறவன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். வில்லா வாங்கும் ஆள் இல்லை. வாங்கியது என் தங்கை கஸ்தூரியின் வீட்டுக்காரர் சேகர். மலேசியாவில் கிள்ளானில் பிறந்து அங்கேயே இருப்பவர். திருமலைக்கு மூன்று முறை வந்திருக்கிறார். மலையைப் பார்த்தாலே கண் கலங்குவார். கோலாலம்பூரில் ஒரு ஓட்டலில் கண்காட்சி போட்டு, சந்திரகிரிப் பக்கம் மலை தெரிகிற விடுமுறை வில்லா என்று விற்றிருக்கிறார்கள். வருடத்தில் பதினைந்து நாள் சொந்தக்காரர் வந்து தங்கலாம். மீதி நாளெல்லாம் பெருமாளைப் பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டு, மாதாமாதம் பணம் போடுவார்களாம். விலை நாற்பத்தெட்டு லட்சம். கால்வாசி கட்டிவிட்டார். மீதிக்கு, வேலையிலிருந்து ஓய்வு பெறும்போது வந்த பணம் மொத்தத்தையும் எடுத்து வைத்திருக்கிறார்.

இடத்தைப் பார்க்காமல் எப்படி அனுப்புவது என்று கஸ்தூரி இழுத்தாள். கம்பெனி அதற்கும் வழி வைத்திருந்தது. முதலில் பூமி பூஜை, வீடியோவில் பாருங்கள், பிறகு அனுப்புங்கள் என்றது. பூஜை போட்ட மண்ணில் யாராவது ஏமாற்றுவார்களா என்று மாப்பிள்ளை கேட்டார். அதோடு பேச்சு முடிந்தது. பத்திரம் எங்கே, அனுமதி எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர் சார்பில் மனையில் உட்கார ஓர் ஆள் மட்டும் தேவைப்பட்டது. அந்த ஆள் நான்.

ஏழு மணி சுமாருக்கு வண்டி சந்திரகிரியில் நின்றது. இங்கேயே இறங்கிக்கொள்கிறேனே என்று கம்பெனி மேனேஜர் ஹரிக்குப் போன் செய்தேன். "வத்து, வேணாம் சார், ஆபீசுக்கு ரண்டி. நம்ம வண்டியிலதான் சைட்டுக்குப் போகணும்" என்றார். ஆகவே இறங்க வேண்டிய ஊரைத் தாண்டிப் பதினைந்து கிலோமீட்டர் போனேன். திருப்பதியில் நாற்பது ரூபாய்க்கு இரண்டு இட்லி. தண்ணீரும் சட்னியும் ஒரே நிறம். ஆபீசில் என் தலையில் கம்பெனி பெயர் போட்ட தொப்பியை வைத்துப் படம் எடுத்தார்கள். பிறகு காரில் ஏற்றி, வந்த வழியே அதே பதினைந்து கிலோமீட்டர் திருப்பி அழைத்துப் போனார்கள்.

டிரைவர் முனிரத்தினம் தடா ஊர்க்காரர், தமிழர். "என்னண்ணா, பேசவே மாட்டேங்கற? நேத்து மொரீஷியஸ்காரங்களுக்காக அவங்க பெரியப்பா ஒருத்தரு வந்தாரு. வழியெல்லாம் துன்னுக்கினே, பேசிக்கினே வந்தாரு."

"எந்த மனைக்கு?" என்றேன்.

"மலை தெரியற மனைக்குத்தான். எல்லாருக்கும் அதுதானே வேணும்."

முன்சீட்டில் இருந்த ஹரி ரேடியோவைச் சத்தமாக வைத்தார்.

ஒன்பதேகாலுக்கு இடம் வந்தது. அட்டையில் வண்ணம் அடித்த ஒரு வளைவு. உள்ளே செம்மண், வெள்ளை அடித்த கற்கள், வாடிய தென்னங்கன்று ஒன்று. ரோடும் இல்லை, கரண்டுக் கம்பமும் இல்லை. மலை மட்டும் நிஜமாகவே அழகாக இருந்தது. அதை மறைக்காத மாதிரி ஒரு கம்பில் போனை மாட்டியிருந்தார்கள். திரையில் கஸ்தூரியும் மாப்பிள்ளையும் பட்டு உடுத்தி உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் உறவுக்காரர்கள் வேறு.

"மச்சான்! மலை என்னமா தெரியுது!" என்றார் மாப்பிள்ளை.

ஈசானிய மூலையில் ஆள் ஒருவர் குழி தோண்டினார். இரண்டு வெட்டிலேயே மஞ்சள் குங்குமத்தோடு ஒரு செங்கல் வந்தது. குங்குமம் இன்னும் ஈரமாக இருந்தது. அடுத்த வெட்டில் இன்னொன்று. அதன் கீழே மூன்றாவது, நசுங்கிய எலுமிச்சம்பழத்தோடு. புரோகிதர் சலனமே இல்லாமல் மூன்றையும் துடைத்து ஓரமாக அடுக்கினார். அவருக்கு அது புதிதில்லை என்று தெரிந்தது.

"சார், இது யாரு கல்லு?" என்று ஹரியிடம் கேட்டேன்.

"நம்ம கல்லுதான் சார். ஸ்டாக்."

நான் போன் பக்கம் போனேன். பக்கத்தில் பெட்டி வைத்து நாதஸ்வரம் அலற விட்டிருந்தார்கள். "மாப்ளே, குழியில கல்லு..." என்றேன்.

"ஆமா மச்சான், கல்லு வைக்கணும். ஐயர் சொல்ற மாதிரி செய்ங்க!"

"அது இல்ல மாப்ளே, முன்னாடியே..."

"சத்தமே வரல மச்சான். பரவால்ல, போய் உக்காருங்க!"

உட்கார்ந்தேன். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. நேற்று இதே பலகையில் மொரீஷியஸ் பெரியப்பா உட்கார்ந்திருப்பார். நாளை இன்னொருவர் வருவார். எல்லாருக்கும் இதே குழி, இதே மலை.

பத்து மணி சுமாருக்குப் புரோகிதர் சங்கல்பத்துக்கு என் கையில் அட்சதையைக் கொடுத்து, "யஜமானர் பேரு செப்பண்டி" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை.

"பேரு சொல்லுங்க சார்" என்றார் ஹரி. சும்மா இருந்தேன். மாப்பிள்ளை போனிலிருந்தே "சேகர்! சேகர்!" என்று கத்தினார். புரோகிதர் தலையை ஆட்டினார். "உக்காந்தவர் வாயாலதான் ராவாலி, வரணும் பாபு." இந்த ஒன்றில் மட்டும் அவர் சாஸ்திரம் பார்த்தார்.

"கூச்சப்படுறாரு, டைம் இருக்கு" என்று ஹரி சிரித்தார். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு போய்விட்டது. நாதஸ்வரத்தை நிறுத்தினார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், திட்டினார்கள். மாப்பிள்ளை, "ஒரு பேரு சொல்ல வாயில்லையா மச்சான்? ஊரையே கூப்பிட்டு வெச்சிருக்கேனே!" என்றார். அத்தனை பேர் முன்னால் இப்போது நான் பேச நினைத்திருந்தாலும் குரல் வந்திருக்காது. கஸ்தூரி மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மெதுவா தண்ணி குடிண்ணா, அவசரமில்ல" என்றாள்.

மெதுவாகவே குடித்தேன்.

பத்தரை ஆனதும் புரோகிதர் கடிகாரத்தைப் பார்த்துத் தர்ப்பையை மடித்தார். வெள்ளிக்கிழமை ராகு காலம் தொடங்கிவிட்டது. அதற்குமேல் பூஜையும் கிடையாது, மாப்பிள்ளை பணமும் அனுப்ப மாட்டார். அவர் ராகு காலத்தில் கடைக்குப் பால் வாங்கக்கூடப் போகாதவர்.

எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் போனில் கத்திக்கொண்டிருக்க, நான் எழுந்து மூன்று கல்லையும் குழியையும் என் போனில் படம் பிடித்தேன். தொப்பியைக் கழற்றித் தென்னங்கன்றின் மேல் வைத்தேன். திரும்ப விட வண்டி இல்லை என்றார் ஹரி. சந்திரகிரி நிறுத்தத்துக்கு மூன்று கிலோமீட்டர் வெயிலில் நடந்தேன். படங்களைக் கஸ்தூரிக்கு அனுப்பினேன்.

நிறுத்தத்தில் நிற்கும்போது அவள் கூப்பிட்டாள். "மூணு கல்லாண்ணா?"

"நான் பாத்தது மூணு."

"அப்பவே கத்தியிருக்கக் கூடாதா?"

"கத்தினேன்மா."

"நீ கத்தற லட்சணம் எனக்குத் தெரியாதா?" சிரித்தாள். பிறகு மூக்கை உறிஞ்சினாள். "அவரு போட்டோவப் பெருசு பண்ணிப் பண்ணிப் பாத்துக்கினு உக்காந்துகிறாரு. இப்ப அவரு வாயத் தொறக்கல. பணம் அனுப்பலண்ணா."

"ஏற்கெனவே கட்டினது?"

"அதக் கேக்காத."

எங்கள் ஊரில் ஒரு கடா வாங்கினாலும் பல்லைப் பிடித்துப் பார்ப்போம். கடலுக்கு அந்தப்பக்கம் இருப்பவருக்கு மலையைக் காட்டினால் போதும் என்று இவர்கள் தெரிந்து வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டில் இருந்துகொண்டு இங்கே வாங்க நினைப்பவர்கள் யாரையாவது அனுப்புவதானால், பூஜை இல்லாத நாளில் அனுப்புங்கள். மனையில் உட்கார வைக்காதீர்கள். ரிஜிஸ்டர் ஆபீசில் போய் நிற்கச் சொல்லுங்கள். என்னைவிடச் சத்தமாகப் பேசுகிறவராக இருந்தால் நல்லது.

பஸ் வந்தது. நிற்க மட்டும் இடம் இருந்தது. கூட்டத்துக்கு நடுவிலிருந்து கண்டக்டர், "எக்கடிக்கி?" என்றார்.

"சித்தூர்!" என்றேன். முன்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர் திடுக்கிட்டு விழித்தார்.