ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கலாம்

டெலானிபூர் மேட்டில் தையல் கடை வைத்திருக்கும் ரோசலினுக்கு நாற்பத்தொரு வயதில் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று தோன்றியது. மாப்பிள்ளை தேடும் வேலை இல்லை. பதினோரு வருடமாக அவள் பக்கத்திலேயே படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

அவன் பெயர் யோகராஜ். ஃபீனிக்ஸ் பே துறைமுகத்திலிருந்து பக்கத்துத் தீவுகளுக்கு ஓடும் கப்பல்களில் எஞ்சின் அறை வேலை. இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, ஹட் பே எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் குடியேறிய குடும்பம். சுனாமியில் அம்மாவைப் பறிகொடுத்தவன். பிழைத்தவர்கள் "முருகன்தான் காப்பாத்துனான்" என்று கைகூப்பியபோது, "அப்ப எங்கம்மா மேல அவனுக்கு என்ன கோவம்?" என்று கேட்டான். இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை. அவனும் அதற்காகக் காத்திருக்கவில்லை.

ரோசலினின் அப்பா அடைக்கலசாமி தூத்துக்குடிக் கரையிலிருந்து மீன்பிடிக்க வந்தவர். அவள் கடவுளை விட்ட கதை சின்னது. காய்ச்சலில் கிடந்த வேலையாளை வழியிலிருந்த ஓர் ஆளில்லாத் தீவில் இறக்கிவிட்டு வந்த படகு முதலாளி, மறுநாள் திருப்பலியில் முன்வரிசையில் மண்டியிட்டிருந்தார். பதினாறு வயது ரோசலின் பீடத்தையும் முதலாளியையும் மாறி மாறிப் பார்த்தாள். மேலே இருப்பவருக்கு நடந்தது தெரியாதென்றால் அவர் எதற்கு? தெரிந்தும் சும்மா இருக்கிறார் என்றால் இன்னும் எதற்கு? அன்றோடு முடிந்தது.

இருவரும் சேர்ந்து வாழ நினைத்தபோது, "பையன் ஞானஸ்நானம் எடுக்கட்டும்" என்றார் அடைக்கலசாமி. "பொண்ணு பேர மாத்திக்கிட்டு முருகன் சந்நிதியில நிக்கட்டும்" என்றார் யோகராஜின் அப்பா முருகையா. இருவருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு இவர்கள் ஒரு குக்கரும் இரண்டு தலையணையும் வாங்கிக் குடித்தனம் தொடங்கினார்கள்.

குடியிருப்பில் யாரும் எதுவும் கேட்கவில்லை. இந்துக்கள், சர்ச்சில் மோதிரம் மாற்றியிருப்பார்கள் என்று நினைத்தார்கள். கிறிஸ்தவர்கள், கோயிலில் மாலை மாற்றியிருப்பார்கள் என்று நினைத்தார்கள். அடுத்த மதத்தின் மேல் மனிதர்கள் அவ்வளவு நம்பிக்கை வைத்த இடம் இந்த உலகத்தில் வேறெங்கும் இருக்காது.

இப்படியே ஓடியிருக்கும். போன வருடம் எஞ்சின் அறையில் வழுக்கி விழுந்து யோகராஜின் முதுகெலும்பு பிசகியது. அறுவைக்குச் சென்னைக்கு அனுப்பினார்கள். உடன் போகிறவருக்கான படிவத்தில் 'நோயாளிக்கு என்ன உறவு' என்றொரு கட்டம். மனைவி என்று எழுதியிருந்தால் யாரும் நிமிர்ந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ரோசலின் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பொய் எழுத வரவில்லை. உண்மைக்கோ அந்தக் கட்டத்தில் பெயர் இல்லை. கடைசியில் ஹட் பேயிலிருந்து யோகராஜின் தங்கை சித்ரா வந்து கையெழுத்துப் போட்டுக் கூடப் போனாள்.

பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா கடை வாசலில் வந்து நின்றாள். "புருஷனை ஆபரேசனுக்கு அனுப்பிட்டு நீ இங்க மிஷின் ஓட்டிக்கிட்டிருக்க. நெஞ்சழுத்தம்டி உனக்கு!"

தையல் ஊசி விரலில் ஏறினால் வலி சற்றுத் தாமதமாகத்தான் தெரியும். இதுவும் அப்படித்தான் ஏறியது.

யோகராஜ் திரும்பி வந்தான். முதுகில் இன்னொரு அறுவை பாக்கி இருந்தது. ஜூலை பதினெட்டு என்று தேதி கொடுத்திருந்தார்கள்.

"யோகு, நாம கல்யாணம் பண்ணிக்கிடுவமா?"

அவன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தான். "ஊரு முழுக்க சாமி வேணாம், சடங்கு வேணாம்னு பேசிட்டு இப்ப போய் மாலை போட்டு நிக்க என்னால ஏலாது."

"மாலையை யாரு கேட்டா? ஆபீஸ்ல போய்க் கையெழுத்துப் போடுவோம்."

"படிவத்துக்காகவா?"

"படிவம் கெடக்கு. உனக்கு ஒண்ணுன்னா நான்தான் பொறுப்புன்னு நாலு பேரு முன்னால சொல்லணும்போல இருக்கு. நான் இன்னும் சொல்லவேயில்லையே."

பக்கத்தில் கிடந்த கட்டைப் பை ஒன்றை எடுத்து அவள் தையலின் ஓரத்தைக் காட்டினாள். "தச்சு முடிச்சிட்டு முடிச்சுப் போடாம விட்டா என்ன ஆவும்?"

"பிரிஞ்சு போகும். ஆனா நாம பதினொரு வருசமா பிரியலையே?"

"அதான் தைரியமாப் போடலாம்கேன்."

அவன் காது வரை சிரித்துக்கொண்டிருந்தான்.

சிறப்புத் திருமணச் சட்டப்படி விண்ணப்பித்தார்கள். மதம் வேண்டாம் என்பவர்களுக்கும் மதம் விட்டு மதம் கட்டுகிறவர்களுக்கும் அரசாங்கம் வைத்திருக்கும் வழி அது. ஆனால் சாமி முன்னால் கட்டினால் ஒரு மணி நேரத்தில் முடியும் வேலைக்கு, இங்கே முப்பது நாள் அறிவிப்புப் பலகையில் பெயரைத் தொங்கவிட வேண்டும். ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கலாம். நம்பிக்கையற்றவர்களை அரசாங்கமும் அவ்வளவு சுலபத்தில் நம்பிவிடுவதில்லை.

பேச்சியம்மாவின் கணவர் சிவப்பிரகாசம் ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர், கோயில் கமிட்டிச் செயலாளர். அறிவிப்புப் பலகையைப் படிக்காமல் கடந்து போனால் அவருக்கு மதியச் சோறு செரிக்காது. வேறு வேலையாக அந்த அலுவலகத்துக்குப் போனவர் கண்ணில் பட்டது: யோகராஜ், தகப்பன் பெயர் முருகையா. மணமகள் ரோசலின், தகப்பன் பெயர் அடைக்கலசாமி. அதற்குக் கீழே இருந்த முகவரியையும் தொழிலையும் பழைய இரும்புக் கட்டில் ஏல அறிவிப்பு மறைத்திருந்தது.

சிவப்பிரகாசத்துக்கு ரத்தம் கொதித்தது. வீட்டில் ஒரு கிறிஸ்தவப் பெண் இருக்கும்போது இன்னொரு வேதக்காரியா! அங்கேயே உட்கார்ந்து அழகான அலுவலக ஆங்கிலத்தில் ஆட்சேபணை எழுதினார். 'மேற்படி நபருக்கு ஏற்கெனவே மனைவி உயிருடன் உள்ளார். பதினோரு ஆண்டுகளாக என் பக்கத்து வீட்டில் வசிக்கிறார்.'

அவரைக் குறை சொல்லி என்ன பயன்? பதினோரு வருடத்தில் அந்த மேட்டில் ஒருவர்கூட அவள் பெயரைக் கேட்டதில்லை. தமிழர்களுக்கு அவள் டெய்லரக்கா. மற்றவர்களுக்கு டெய்லர் தீதி. கல்யாணப் பத்திரிகை வந்தால் 'யோகராஜ் குடும்பத்தார்'. ஒரு பெண்ணுக்குப் புருஷன் பெயர் தெரிந்தால் போதும், பாக்கி எல்லாம் அதற்குள் அடக்கம்.

விசாரணைக்கு ஓலை வந்தது. ஆட்சேபித்தவர் யாரென்று அதில் இல்லை. விசாரணை ஜூலை பதினாறு, முப்பது நாள் அறிவிப்பு முடிந்த மறுநாள். மறுநாள் காலை சென்னைக்கு விமானம். விசாரணைக்கு அதிகாரி முப்பது நாள்வரை எடுத்துக்கொள்ளலாம் என்று அலுவலக எழுத்தர் சொன்னார். மறுபடியும் விமான நிலைய வாசலில் நின்று கையாட்ட வேண்டியதுதான் என்று ரோசலின் நினைத்தாள்.

அன்று அலுவலகத்துக்கு அவள் தம்பி ஜெரின் வந்தான், கடையில் பித்தான் கட்டும் ஷீலா வந்தாள். ஒருவேளை காரியம் கைகூடினால் கையெழுத்துப் போட மூன்று சாட்சிகள் வேண்டும். மூன்றாவது சாட்சி சித்ரா. கடல் கொந்தளிப்பில் ஹட் பே கப்பல் கிளம்பவில்லை என்று அவளிடமிருந்து காலையிலேயே போன் வந்துவிட்டது.

அதிகாரி தெலுங்குக்காரர். தீவு வழக்கப்படி இந்தியில் தொடங்கி, எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு வருவார். "ஆட்சேபணை யாரோடது?"

சிவப்பிரகாசம் எழுந்தார். தன் பக்கச் சாட்சியாகப் பேச்சியம்மாவையும் அழைத்து வந்திருந்தார். ரோசலினைப் பார்த்ததும் அவர் குரல் தழுதழுத்தது. "அழாதம்மா. நாங்க இருக்கோம். உன் வாழ்க்கையக் கெடுக்க இந்தப் படுபாவிய விடமாட்டேன்."

"அண்ணாச்சி, என்ன சொல்லுதீங்க?"

"சாப், இதுதான் இவனோட பெண்சாதி. நேர்ல பாத்துக்குங்க. இவ இருக்கும்போது எவளோ ரோசலினாம், அவளைக் கட்டப் பாக்குறான்!"

ஜெரின் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது.

"நான்தான் அண்ணாச்சி ரோசலின்."

சிவப்பிரகாசம் மனைவியைப் பார்த்தார். பேச்சியம்மா மோவாயில் கை வைத்தாள். "அடி ஆத்தி! இத்தன வருசமா உன்கிட்ட ரவிக்கை தச்சுப் போட்டிருக்கேன், உன் பேரு கேட்டதில்லையேடி."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்போ பொண்டாட்டியும் இவங்க, கல்யாணப் பொண்ணும் இவங்க. முன்னாடி எங்கயாச்சும் கல்யாணம் நடந்துதா?"

"இல்ல சார்" என்றான் யோகராஜ்.

இப்போதுதான் சிவப்பிரகாசத்துக்கு உண்மையில் உறைத்தது. "நடக்கலையா? அரே, அப்ப இத்தன வருசமா… என் மக வளைகாப்புல இந்தம்மா வளையல் போட்டுச்சே! சாப், நான் இன்னொரு ஆட்சேபணை எழுதறேன். இவங்களுக்குக் கல்யாணமே ஆகல!"

"அதுக்குத்தானே சார் வந்திருக்காங்க?" என்றார் அதிகாரி.

சிவப்பிரகாசம் விடவில்லை. ரோசலின் பக்கம் திரும்பினார். "சாமி இல்லேங்கிறீங்க, பாவ புண்ணியம் இல்லேங்கிறீங்க. உங்களுக்குக் கல்யாணம் எதுக்கு?"

"உங்களுக்கு மேல ஒருத்தர் இருக்காரு அண்ணாச்சி, ஏதாவதுன்னா பாத்துக்குவாரு. இந்தப் பிறவில சண்டை போட்டா அடுத்த ஆறு பிறவில சமாதானம் ஆகிக்கலாம். எங்களுக்கு இருக்கது இந்த ஒரு வாழ்க்கைதான். இவரைப் பாக்க நான், என்னைப் பாக்க இவரு. சொன்ன சொல்ல மீறினா எந்த நரகமும் எங்களை மிரட்டப் போறதில்ல. மிரட்டல் இல்லாம ஒருத்தர்கிட்ட நிக்கதுதான் பெருசு. அதை நாலு பேரு கேக்கச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தோம்."

அதிகாரி ஆட்சேபணைத் தாளில் எதையோ எழுதி ஓரமாகத் தள்ளினார். "விசாரணை முடிஞ்சுது. சாட்சிகள் மூணு பேர் எங்கே?"

ரோசலின் விரல்களைப் பிசைந்தாள். "ரெண்டுதான் சார். மூணாவது ஆளு ஹட் பேயில. கப்பல் வரல."

"அப்ப இன்னொரு நாள்தான்மா."

"நாளைக்கு இவருக்கு ஃப்ளைட் சார்."

நாற்காலி பின்னுக்குத் தள்ளப்படும் சத்தம் கேட்டது. "நான் போடுறேன்" என்றாள் பேச்சியம்மா.

"ஏய், நீ நம்ம பக்கத்துச் சாட்சி!"

"நீங்க என்ன சொல்லிக் கூட்டியாந்தீங்க? இவங்க புருஷன் பொண்டாட்டியா வாழுறாங்கன்னு சொல்லணும்னுதானே? அதைத்தான் சொல்லப் போறேன். எங்க கையெழுத்து வேணும் சார்?"

முதலில் மணமக்கள் சொல்ல வேண்டியதைச் சொன்னார்கள். யோகராஜ் நிமிர முடியாத முதுகை நிமிர்த்தி, "ரோசலினை என் சட்டப்படியான மனைவியா ஏத்துக்கறேன்" என்றான். ரோசலினுக்கு இரண்டாவது முயற்சியில்தான் வார்த்தை முழுதாக வந்தது. ஜெரினும் ஷீலாவும் கையெழுத்திட்டார்கள். பேச்சியம்மா ஒவ்வோர் எழுத்தாக, அழுத்தி எழுதினாள். பிறகு பேனாவைக் கீழே வைக்காமல் கேட்டாள்.

"ரெண்டு பேரும் வாயத் தொறந்து சொல்லணுமா சார்?"

"கண்டிப்பா. சொல்லலைன்னா செல்லாது."

"எங்க கல்யாணத்துல ஐயர் கேட்டாரு, எங்கப்பா கேட்டாரு, நாதசுரக்காரன்கூட 'போதுமா'ன்னு கேட்டான். என்னைய யாரும் ஒண்ணும் கேக்கல." கணவர் பக்கம் திரும்பினாள். "முப்பத்தாறு வருசம் ஆச்சு. இப்பக் கேளுங்க."

"வீட்டுக்கு வா, பேசிக்கலாம்."

"இங்கயே. சார் முன்னால."

அதிகாரி பேனாவை மூடிவிட்டு ஆவலோடு சாய்ந்து உட்கார்ந்தார். சிவப்பிரகாசம் அறையைச் சுற்றிப் பார்த்தார். உதவிக்கு யாரும் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, யாருக்கும் கேட்காத குரலில், "பேச்சி… என்னைக் கட்டிக்கிட உனக்குச் சம்மதமா?" என்றார்.

பேச்சியம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள். ரோசலினின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள்.