கல்லறையில் கல்லைத் தள்ளியது நான்தான்

ஜெபராஜ் அண்ணாச்சி போய்விட்டார். நேற்றுக் காலை கடை ஷட்டரைத் தூக்கியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம்... ஹார்ட்.

இன்று சாயங்காலம் ராஜபாளையத்தில் அடக்கம் முடிந்தது. அங்கே நான் செய்த காரியம் இந்நேரம் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து, என் வீட்டு வாசலையும் தாண்டி, மம்சாபுரம் பக்கம் போயிருக்கும்.

ஆமாம். கல்லைத் தள்ளியது நான்தான். மன்னிப்பெல்லாம் கிடையாது. காரணம் மட்டும் சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்கு... அண்ணாச்சி ராஜபாளையத்தில் கலர் மீன் கடை வைத்திருந்தவர். ஊரே நாய் வளர்த்துப் பெயர் வாங்கியபோது, இவர் கல் வளர்த்தார்.

கடல் மீன் தொட்டி. உப்புத் தண்ணீர், பவளம், உள்ளே பாறை. அந்தப் பாறையை வைப்பதில் அவரை மிஞ்ச இந்தப் பூமியில் ஆள் கிடையாது. வங்கக்கடலே இவர் தொட்டியைப் பார்த்துவிட்டுத் தன் பாறைகளைக் கொஞ்சம் திருத்திக்கொண்டதாகக் கேள்வி. (கிளப்பிவிட்டது நான்தான்.)

கடைத் தரையில் ஈரச் சாக்கை நாலாக மடித்துப் போடுவார். கல்லை இடுப்பு உயரத்தில் பிடித்து, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, விட்டுவிடுவார். எல்லாக் கல்லும் விழுந்த பிறகு போனில் நாலு படம். அதேபோலத் தொட்டிக்குள் வைப்பார்.

"கடலுக்கு ஏதுலே மேஸ்திரி? விழுந்த மாதிரி இருக்கணும். வச்ச மாதிரி இருந்தா அது காம்பவுண்டுச் சுவரு."

ரிட்டயர் ஆன கையோடு நானும் ஒரு நாலடித் தொட்டி வாங்கினேன். அவரைக் கேட்காமல் நானே கல்லை வைத்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன் கையில் ஒன்பது கல்லைக் கொடுத்தால் என்ன செய்வான்? கோபுரம் கட்டினேன். கீழே பெரிசு, மேலே சிறிசு, உச்சியில் ஒரு கூர்க்கல். தெருவே வந்து செல்ஃபி எடுத்தது.

தண்ணீர் பக்குவமாகி, மீன் விட்ட அன்றுதான் அண்ணாச்சியை வரச் சொன்னேன். ஸ்கூட்டரில் வந்தார். இடுப்பில் கை வைத்துப் பார்த்தார்.

"கும்பாபிஷேகம் எப்ப?"

"கேலி பண்ணாதீய அண்ணாச்சி. எம்புட்டு நேரம் பட்டிருக்கேன் தெரியுமா?"

"நல்லாத் தெரியுது. அதாம்லே கேவலமா இருக்கு. மணலைப் போட்டுட்டு அதுக்கு மேலயா கல்லை வச்ச? கல்லு கண்ணாடியில ஒக்காரணும், பொறவுதான் மணலு. மீனு தோண்டுச்சுன்னா அம்புட்டும் சரிஞ்சிரும்."

"வெரல் நீளத்து மீனு என் கோபுரத்தைச் சாய்ச்சிருமோ? போங்க அண்ணாச்சி!"

போய்விட்டார். டீ கூடக் குடிக்கவில்லை.

மூன்றாம் நாள் மதியம், ரசத்தில் கை வைத்திருந்தேன்... தட்! விரல் நீளத்து மீன் அஸ்திவாரத்தில் சுரங்கமே வெட்டியிருந்தது. கண்ணாடி தப்பித்தது. மீனும் தப்பித்தது. மானம் மட்டும்தான் போயிற்று.

போன் போட்டேன். அடுத்த அரைமணியில் வந்து நின்றார். சரிந்து கிடந்ததைப் பார்த்ததும் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு... பேத்தி பிறந்த அன்றைக்குக்கூட மனுஷன் அப்படிச் சிரிக்கவில்லை.

"ஏலே, இது யாரு செஞ்சது?"

"மீனு."

"ஒன்னைய விட அதுக்கு வெவரம் இருக்கு. தொடாத!"

படம் எடுத்தார். ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, மணலை ஒதுக்கி, அடிக்கல்லைக் கண்ணாடியில் உட்காரவைத்து, விழுந்தது விழுந்தபடியே திரும்ப வைத்தார். ஒரு பக்கமாகச் சாய்ந்த குவியல், அடியில் ஒரு குகை, மறுபக்கம் வெறும் மணல். இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது.

போன கல்லறைத் திருநாளில் அவரோடும் அவர் சம்சாரம் மதினியோடும் நானும் போயிருந்தேன். மெழுகுவத்தி ஏற்றிவிட்டு நிமிர்ந்தவர், வெள்ளையடித்த கல் வரிசைகளைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"என்னைய இப்படி ஸ்கேல் வச்சு அடுக்கிராதீய. செத்த பொறவும் காம்பவுண்டுக்குள்ள கெடக்க என்னால ஏலாது."

மதினி அதட்டினார்கள். நான் சிரித்தேன்.

இன்று மண்மேட்டைச் சுற்றிப் பன்னிரண்டு வெள்ளைக் கல். ஒரே அளவு, ஒரே இடைவெளி. நூல் பிடித்து வைத்திருந்தார்கள்... நூல்!

ஒன்றைத் தூக்கினேன். இடுப்பு உயரம். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். விட்டேன்.

கல்லறைத் தோட்டக் கமிட்டிக்காரர் ஓடி வந்தார். "சார், என்ன செய்தீய? எல்லாம் ஒண்ணு போல இருக்கணும்னு ரூல் இருக்கு."

"இவிய ஒண்ணு போல இருந்த ஆளு இல்ல சார்."

"வரிசை கெடுதுல்லா..."

இரண்டாவதையும் விட்டேன். அது உருண்டு அவர் செருப்புக்குப் பக்கத்தில் போய் நின்றது. மூன்றாவது மேட்டிலேயே லேசாகச் சாய்ந்து உட்கார்ந்தது. அப்படி ஒரு அமைப்பு! அண்ணாச்சி இருந்திருந்தால் போனை எடுத்திருப்பார்.

கூட்டம் மொத்தமும் மதினியைப் பார்த்தது. அவர்கள் மட்டும் வேண்டாம் என்றிருந்தால், பன்னிரண்டையும் நானே நூல் பிடித்து வைத்துக் கொடுத்திருப்பேன். சத்தியமாக.

மதினி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார்கள்.

"தலைமாட்டுல ஒண்ணு நேரா நிக்குது பாருங்க. அதையும் தள்ளுங்க."

தள்ளினேன். மிச்சத்தையும்.

கமிட்டிக்காரர்களே, நாளைக் காலையில் நூலோடு வருவதாக இருந்தால் தாராளமாக வாருங்கள். நான் டிபன் கட்டிக்கொண்டு அங்கேதான் உட்கார்ந்திருப்பேன்.

போயிட்டு வாங்க அண்ணாச்சி. விழுந்த மாதிரிதான் இருக்கு. எவனையும் தொட விடமாட்டேன்.