சம்சாரம் கூடாத பள்ளிக்கூடம்

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, கொச்சி ராஜ்யம் முடிந்து வெள்ளைக்காரச் சீமை தொடங்குகிற இடத்தில் ஓர் ஓடை உண்டு. முழங்கால்கூட நனையாது. அதன் மேற்குக் கரையில், குப்பண்ணன் என்ற பெரிய பண்ணைக்காரர் கடலைக்காய் போட்டு வைத்திருந்த கொட்டகையைக் காலி செய்து கொடுக்க, 1916ஆம் வருஷம் அங்கே பள்ளிக்கூடம் வந்தது. தட்டிக்கு இந்தப் புறம் வகுப்பு, அந்தப் புறம் நாச்சிமுத்து வாத்தியாரின் குடித்தனம். வாத்தியார் பொள்ளாச்சிப் பக்கத்து மனிதர். நல்ல எழுத்து, நல்ல மனசு, தொண்டை மட்டும் கிடையாது. அவர் நடத்தும் பாடம் முதல் வரிசையைத் தாண்டாது.

தாண்டியது அவர் மனைவி கமலாத்தாளின் குரல். அவளுக்கு எழுத்து பாதிதான் தெரியும். வாய்ப்பாடு முழுக்கத் தெரியும், அண்ணன்மார் கத்தியதைக் கேட்டே படித்தது. தட்டிக்கு அப்பால் களி கிண்டிக்கொண்டே, “பன்னெண்டேழு?” என்று கேட்பாள். இப்பாலிருந்து நாற்பது பிள்ளைகள் பதில் சொல்லும். ஒரு பொம்பிளை இருக்கிற இடம்தானே என்று நம்பி பெண்பிள்ளைகளையும் அனுப்பினார்கள். பதினான்கு பேர் வந்தார்கள். அந்தப் பதினான்கு தலைகளையும் தினமும் காலையில் எண்ணிப் பார்ப்பதுதான் கமலாத்தாளுக்குச் சந்தோஷம். வேறு நகைநட்டு எதுவும் அவளிடம் கிடையாது.

ஆனி மாதம் புது இன்ஸ்பெக்டர் வந்தார். மலையாளத்துக்காரர். பிள்ளைகள் போட்ட இரைச்சலில் காதைப் பொத்திக்கொண்டு போனவர், பத்தாம் நாள் சேவகனிடம் ஒரு போர்டு கொடுத்தனுப்பினார். மலையாள எழுத்து. தாலுக்கா கச்சேரிக்குப் போய்வந்த பழக்கத்தில் குப்பண்ணனுக்கு மட்டும் எழுத்துக் கூட்டத் தெரியும். கூட்டினார்.

“பள்ளிக்கூடத்தில்… சம்சாரம்… பாடில்ல.”

வாத்தியார் மனைவியைப் பார்த்தார்.

“சம்சாரம் பாடக் கூடாதுங்கறாங்களா?” என்று மெதுவாகக் கேட்டார். “வாய்ப்பாடு பாடறதச் சொல்றாங்களோ என்னமோ.”

குப்பண்ணன் அவசரப்படுகிற ஆள் இல்லை. சர்க்கார் விஷயம், தீர விசாரிக்க வேண்டும் என்றார். மறுநாள் நாலு மைல் நடந்து கொழிஞ்சாம்பாறைச் சந்தைக்குப் போனார். பாலக்காட்டிலிருந்து வரும் பாக்கு வியாபாரி ஒருவரிடம் “பாடில்ல” என்றால் என்ன என்று கேட்டார். கூடாது என்று அர்த்தம் என அவர் சொன்னார். ஒன்றுக்கு இரண்டாக இன்னொருவரிடமும் கேட்டுக்கொண்டு திரும்பினார்.

“பாட்டுமில்ல கூத்துமில்ல. பள்ளிக்கூடத்துல சம்சாரமே கூடாதாமா.”

“அப்ப நானு எங்கீங்க போறது? ஊடும் இதுதானுங்களே” என்றாள் கமலாத்தாள்.

குப்பண்ணன் யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். பத்து மணியிலிருந்து நாலு மணிவரைக்கும் அது பள்ளிக்கூடம். மற்ற நேரம் வீடு. ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீடு. விளக்குமாறு உள்ளேயே இருக்கலாம், அது சம்சாரத்தில் சேராது.

“மழ பேஞ்சா?”

“போர்டுல மழயப் பத்தி ஒண்ணும் போடல, அம்மிணி.”

அன்று முதல் பத்தடிக்கும்போது வாத்தியார் தண்டவாளத் துண்டில் மணி தட்டிவிட்டுத் தட்டிக்கு அப்பால் எட்டிப் பார்ப்பார். “கமலாத்தா, சர்க்கார் வந்துருச்சு, எந்திரி.” அவள் பாதி வெந்த களியோடு சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடையைத் தாண்டிப் போய் அக்கரைப் புளிய மரத்தடியில் உட்காருவாள். அது வெள்ளைக்காரச் சீமை, கொச்சி உத்தரவு அங்கே செல்லாது. கட்டின பெண்டாட்டியை இப்படி மணியடித்து நாடு கடத்திய மனுஷன் இந்த ஜில்லாவிலேயே அவர் ஒருவர்தான். அதிலும் ஒரு நிமிஷம் முன்பின் ஆகாது.

முதல் நாள் அவள் அழுதாள். பதினான்கு பேரும் இனிக் கடலைக்காய் பறிக்கப் போய்விடுவார்களே என்றுதான் அழுதாள். இரண்டாம் நாள் தலை நிமிர்ந்தபோது பதினான்கு பேரும் சிலேட்டோடு எதிரே உட்கார்ந்திருந்தார்கள். “அம்மா இல்லாத எடத்துக்குப் போகாதேன்னு ஊட்டுல சொல்லீட்டாங்க” என்றது ஒன்று. அடுத்த வாரம் சின்ன வகுப்புப் பையன்கள் வந்தார்கள். ஐப்பசி மழையில் எல்லோருமாகக் கோணிப்பை போர்த்திக்கொண்டு பதினாறாம் வாய்ப்பாட்டை முடித்தார்கள். மேற்கே வாத்தியாரும் மூன்று பெரிய பையன்களும் மிச்சம். அதில் இரண்டு பேர் தூக்கம்.

தை மாதம் இன்ஸ்பெக்டர் மறுபடி வந்தார். கொட்டகைக்குள் ஈ பறக்கும் சத்தம்கூடக் கேட்டது. அவருக்குத் தாங்க முடியாத சந்தோஷம்.

“சம்சாரம் ஒட்டும் இல்லல்லோ! நன்னாயி!”

“இல்லீங்க. அக்கட்டால அனுப்பிச்சுட்டனுங்க” என்றார் வாத்தியார் கைகட்டி.

அந்த நேரம் பார்த்துக் கிழக்கேயிருந்து பதினாறாம் வாய்ப்பாடு இடியாக வந்தது. இன்ஸ்பெக்டர் முகம் சுளித்து, “ஆ சம்சாரம் ஆருடெ?” என்றார்.

“என்னோடதுதானுங்க. கூப்பிட்டா வருமுங்க.”

இன்ஸ்பெக்டர் வாத்தியாரை ஏற இறங்கப் பார்த்தார். வெயிலில் மூளை கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பார். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடையில் இறங்கினார். உத்தரவில்லாமல் வேற்று ராஜ்யத்தில் நுழையலாமா என்று யோசித்து ஒரு காலை மட்டும் அக்கரையில் வைத்தார். அங்கிருந்த பிள்ளைகள் எல்லாம் எழுந்து கும்பிட்டன.

“நிங்ஙள் ஆரா?” என்று கமலாத்தாளைக் கேட்டார்.

“நானு வாத்தியார் சம்சாரமுங்க.”

அவருக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. பிறகு சிரித்த சிரிப்பில் தண்ணீரில் இருந்த கால் வழுக்கி அங்கேயே உட்கார்ந்துவிட்டார். மலையாளத்தில் சம்சாரம் என்றால் பேச்சு, பேச்சுக் கூடாது என்றுதான் எழுதினேன் என்று அவர் தமிழும் மலையாளமுமாகத் திணறிச் சொன்னதும் வேடிக்கை பார்க்கக் கரையில் கூடியிருந்த ஊரே சிரித்தது. குப்பண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். நாச்சிமுத்து வாத்தியாரும் சிரித்தார்.

கமலாத்தாள் சிரிக்கவில்லை. ஏழு மாச வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்தவள் அவள்.

“ஏனுங்க,” என்றாள் புருஷனைப் பார்த்து. “பாடில்லங்கறதுக்கு அர்த்தங் கேக்க நாலு மைலு போனாங்க. ரெண்டு பேருகிட்டக் கேட்டாங்க. சம்சாரம்னா என்னன்னு ஒருத்தருகிட்டயாச்சும் கேக்கத் தோணுச்சுங்களா உங்குளுக்கு?”

வாத்தியாரின் சிரிப்பு நின்றது. கேட்க வேண்டும் என்று நிஜமாகவே அவருக்குத் தோன்றியதில்லை. கூடாது என்று எழுதியிருந்தால் அது அவளைத்தான் என்று அவரும் மற்றவர்களைப் போலவே எடுத்துக்கொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் ஈர வேட்டியோடு எழுந்து போர்டைக் கழற்றச் சொன்னார்.

“இருக்கட்டுங்க,” என்றாள் கமலாத்தாள். “அதப் பாத்து நானும் மலையாள எழுத்துப் படிக்கோணும்.”

பதினெட்டு வருஷம் அவள் அந்தப் போர்டுக்கு நேர் கீழே உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தாள். இன்ஸ்பெக்டர் வந்த அன்றைக்கு அவள் வெறுங்கையோடு முன்னால் ஓடையைத் தாண்டிப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். பிள்ளைகள் பின்னால் போயின. களிச்சட்டியை வாத்தியார் தூக்கிக்கொண்டு வந்தார்.