ஐந்து ஸ்பீக்கருக்கு நடுவே ஓர் அடுப்படி

"நிறுத்துங்க தம்பி. எம்பட ஊட்டுக்காரி ஏனுங்க செக்குமாடாட்டச் சுத்தறா?"

மவுஸிலிருந்து கையை எடுத்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி. கோவை கணபதியில் ஒரு ரெக்கார்டிங் ஸ்டூடியோவில் சவுண்ட் என்ஜினியராக இருந்தேன். பக்திக் கேசட்டும் ஜவுளிக்கடை விளம்பரமும்தான் பிழைப்பு. அதற்கு இரண்டு ஸ்பீக்கரே அதிகம். முதலாளி எதையோ படித்துவிட்டு முன்னால் மூன்று, பின்னால் இரண்டு என ஐந்து வாங்கி வைத்திருந்தார். கூடவே கம்ப்யூட்டரில், ஒலியை அறைக்குள் நகர்த்தும் சரவுண்ட் பேனர் வந்தது. திரையில் ஒரு சதுரம், அதுதான் அறை. உள்ளே ஒரு புள்ளி, அதுதான் ஒலி. புள்ளியை எந்த மூலைக்கு இழுக்கிறோமோ அந்த மூலையிலிருந்து ஒலி கேட்கும். இழுத்த தடத்தை ஆட்டோமேஷன் நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த முறை தானே நகர்த்தும். ஸ்கூட்டரைச் சந்துக்குள் திருப்பத் தெரியாத நான், சிக்கிய குரலையெல்லாம் அறையைச் சுற்ற வைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த காலம்.

அன்று நிறுத்தச் சொன்னவர் பீளமேட்டில் மோட்டார் பம்ப் பட்டறை வைத்திருந்தார். மனைவி தவறி ஒரு வருடம். அந்த அம்மா பாடி மிஞ்சியது ஒரே கேசட். ஹாலில் டேப் ரெக்கார்டரை வைத்து, அவருக்குத் தெரியாமல் இவர் பதிந்தது.

"அவ ஒருநாளும் உக்காந்து பாடுனதில்லீங்க. வேல செஞ்சுட்டே பாடுவா. அடுப்படிக்குப் போவா, சாமி ரூமுக்கு வருவா. நானு ஆல்ல உக்காந்து கேப்பேன். அதேமாதர ஒருக்கா கேக்கோணும் தம்பி."

"எந்த வரியில எங்க இருந்தாங்கன்னு நெனப்பிருக்குங்களாண்ணா?"

"எனக்கெப்படித் தெரியும்? நாந்தான் பேப்பர் படிச்சுட்டிருந்தனே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேசட்டில் குரல் அங்கங்கே தாழ்ந்து போயிருந்தது. பதிவுக் கோளாறு என்று நினைத்து, கம்ப்ரெஸர் போட்டு எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்கு ஏற்றியிருந்தேன். அந்த அம்மா நடந்த தடத்தைத்தான் அழித்திருக்கிறேன்.

கேசட்டை மறுபடி கம்ப்யூட்டரில் ஏற்றினேன். இம்முறை எதையும் தொடவில்லை. குரல் சிறுத்த இடத்தில் பாத்திரம் உருண்டது.

"அடுப்படிங்க! எனக்குப் பின்னால, எடது கைப் பக்கம்."

குரல் பெருத்த இடத்தில் மணிச் சத்தம். "சாமி ரூமு. முன்னால, சோத்தாங்கைப் பக்கம்."

மதியம் முழுக்க வரிவரியாகப் புள்ளியை நகர்த்தினோம். அந்த அம்மா எங்கே நின்றார், எங்கே திரும்பினார் என்று அவர் சொல்லச் சொல்ல இழுத்தேன். பிறகு முதலிலிருந்து ஓடவிட்டேன்.

மூன்றாவது வரியில் குரல் பின்னால் போனது. அவர் நாற்காலியோடு திரும்பி, பின்பக்க ஸ்பீக்கரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். எங்கள் தொழிலில் அது பெருங்குற்றம். கேட்பவர் முன்னால் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் இடம் வலமாகும், சாமி அறை முதுகுக்குப் பின்னால் போய்விடும். சொல்ல வாயெடுத்தேன்.

"பேப்பரக் கீழ வெச்சுட்டேன் அம்மணி. நீ பாடு," என்றார் அவர், ஸ்பீக்கரிடம்.

பாட்டை முடிவுவரை ஓடவிட்டேன்.

புதிதாக மிக்ஸிங் கற்கிறவர்களுக்கு என்னிடம் இருக்கும் பாடம் இவ்வளவுதான். ஒரு குரல் தாழ்ந்தால், ஏற்றிவிடும் முன் பாடுகிறவர் எங்கே போகிறார் என்று கேளுங்கள். பிற்பாடு பெரிய ஸ்டூடியோக்களில், இன்னும் நிறைய ஸ்பீக்கர்களுக்கு நடுவே எத்தனையோ புள்ளிகளை இழுத்துவிட்டேன். எல்லோரும் ஒழுங்காக முன்னால் பார்த்தே உட்கார்ந்திருக்கிறார்கள்.