நான் வாசிக்காத மூன்று வார்த்தைகள்

இது நடந்தது. எனக்கு, பட்டப்பகலில், முழு நினைவோடு. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். போன வருஷம் வரை நானும் சிரிக்கிற கட்சிதான்.

சின்ன வயதில் வைரஸ் காய்ச்சல் மூளையைத் தாக்கி, எப்படியோ உயிர் பிழைத்த குழந்தைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன். வீடு வீடாகப் போய் அவர்களுடைய ஞாபகசக்தி, பேச்சு, கைத்திறன் எல்லாவற்றையும் சோதித்து மதிப்பெண் போட வேண்டும். அன்று போன வீட்டுக் குழந்தைக்கு ஒன்பது வயது. வீட்டில் குட்டிம்மா என்று கூப்பிடுவார்கள். மூன்று வயதில் காய்ச்சல் வந்திருக்கிறது. ஃபைலில் எழுதியிருந்தது: முப்பது வார்த்தைதான் பேசுவாள். வலது கை மடங்கியே இருக்கும். வலது காலை இழுத்து நடப்பாள்.

மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். பஸ் சீக்கிரம் கிடைத்துவிட்டது. 2.35க்கே மணியை அடித்தேன். கதவைத் திறந்தவள் ஃபைல் போட்டோவில் இருந்த அதே பெண்.

"உள்ள வாங்க ஆன்ட்டி. அம்மா தூங்குறாங்க. எழுப்பாதீங்க, பாவம்."

ஒரே மூச்சில் ஏழு வார்த்தை. ஃபைலில் எவனோ தப்பாக எழுதிவைத்துவிட்டான் என்று எரிச்சல்தான் வந்தது.

அம்மாவின் சம்மதக் கையெழுத்தை முன்பே வாங்கியிருந்தோம். அவர் எழுந்து வருவதற்குள் சுலபமானவற்றை முடித்துவிடலாம் என்று மேஜை முன் உட்கார்ந்தேன். ரெக்கார்டரைப் போட்டேன். மணி 2.41. அவள் வாத்துப் படம் போட்ட ஃப்ராக் போட்டிருந்தாள். மூன்று வயதுக் குழந்தைகள் போடுகிற மாதிரி. ஆனால் ஒன்பது வயது அளவில்.

ஒரு படத்தைக் காட்டி வரையச் சொன்னேன். வலது கையால் கச்சிதமாக வரைந்தாள். பென்சில் தாளில் உரசும் சத்தம் மட்டும்... கேட்கவில்லை.

ஃபேன் சத்தத்தில் அமுங்கியிருக்கும் என்று நினைத்து அண்ணாந்து பார்த்தேன். ஃபேன் ஓடவில்லை.

அடுத்து ஞாபகச் சோதனை. பதினைந்து வார்த்தைகளை நான் வாசித்து முடித்ததும் அவள் திருப்பிச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வாசித்ததும் எனக்கு இருமல் வந்தது. தாளைக் கவிழ்த்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டு இருமினேன். அதற்குள் அவள் சொல்ல ஆரம்பித்தாள். பன்னிரண்டும் சரி.

பிறகு, "கயிறு... நிலா... சீப்பு" என்றாள்.

நான் இன்னும் வாசிக்காத மூன்று.

"உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் உள்ளறைப் பக்கம் பார்த்தாள்.

3.02. உள்ளே கட்டில் முனகியது.

டொக்... சர்ர்ர்... டொக்... சர்ர்ர்...

யாரோ காலை இழுத்து நடக்கிறார்கள்.

"அவ எழுந்துட்டா."

"யாரு?"

"அவளுக்கு மார்க் கம்மியா போட்டுடாதீங்க ஆன்ட்டி. அவ மேல தப்பு இல்ல."

உள்ளறைக் கதவு திறந்தது. திரும்பினேன்.

அம்மா. அவர் கையைப் பிடித்துக்கொண்டு... குட்டிம்மா. வலது கை நெஞ்சோடு மடங்கியிருந்தது.

எதிரே நாற்காலி காலி.

"நீங்க எப்படி உள்ள வந்தீங்க?" அம்மா மிரண்டுபோய்க் கேட்டார்.

"பொண்ணுதான்... கதவைத் திறந்தா."

"இவ என் பக்கத்துலதான் படுத்திருந்தா மேடம்."

வாசலைப் பார்த்தேன். உள்பக்கம் மேல் தாழ்ப்பாள் போட்டிருந்தது. நானே எக்கினால்தான் எட்டும் உயரம்.

ரெக்கார்டரைப் போட்டுக் காட்டினேன். அந்தக் குரல் கேட்டதும் அம்மா கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து, குட்டிம்மாவை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

"இன்னொரு தடவை போடுங்க."

நான்கு தடவை போட்டேன். அது யார் குரல் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஒரு வாரம் கழித்து ஆஸ்பத்திரியில் பழைய கேஸ் ஷீட்டை எடுத்துப் பார்த்தேன். காய்ச்சலின் நான்காம் நாள் குட்டிம்மாவின் இதயம் பதினோரு நிமிஷம் நின்றிருக்கிறது. பிறகு மறுபடி துடித்திருக்கிறது. அதன் கீழே நர்ஸ் கையெழுத்தில் ஒரு குறிப்பு:

"குழந்தை கண் திறந்தது. தாய் தொட மறுக்கிறார். 'இது என் பொண்ணு இல்ல, அவ வெளிய நிக்கிறா' என்று ஜன்னலைக் காட்டி அழுகிறார். தாய்க்குத் தூக்க மருந்து கொடுக்கப்பட்டது."