ஓலைக்கு அடியில் கருப்புப் புள்ளி

என்னால் சும்மா இருக்க முடியாது. டவுனில் கணபதி ஏரியாவில் லேத் பட்டறை வைத்திருப்பதால் வந்த பழக்கம் என்று வெளியே சொல்லிக்கொள்வேன். உண்மையில் அது என் பிறவிக் குணம். எதிலாவது பிசிறு தெரிந்தால் அன்றைக்கே தேய்த்துவிட வேண்டும்.

உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் அக்காவுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. மாமா இறந்த பிறகு, யார் கையையும் எதிர்பார்க்காமல் அவள் தனியாக வாழ்வது அதனால்தான். கடல் தாண்டி எங்கிருந்தோ வந்த வெள்ளை ஈ அந்தத் தோப்பில் புகுந்துவிட்டது. ஓலையின் அடிப்பக்கத்தில் மாவு பூசினது போல அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்சியது. அது கழித்த பிசுபிசுப்பு கீழ் ஓலைகளின்மேல் சொட்டி, அங்கே கரும்பூசணம் படர்ந்தது. ஊடுபயிராக நின்ற வாழைகூடக் கருத்துவிட்டது.

"மரம் போச்சுன்னா உன்ற ஊட்டு மாடிலதான் வந்து கெடக்கோணும். அது மட்டும் என்னால ஆகாது கண்ணு" என்றாள் அக்கா.

பக்கத்துத் தோப்புக்காரர் தந்த ஓலைத் துண்டுகளை அவள் மரத்துக்கு மரம் ஸ்டேப்ளரால் குத்தி வைத்திருந்தாள். அவற்றில் பொடிக் குளவி ஒன்று இருக்கிறதாம். ஈயோடு சேர்ந்தே ஊருக்குள் வந்துவிட்ட அந்தக் குளவி, ஈயின் குஞ்சுக்குள் முட்டை வைத்து அந்தக் குஞ்சையே தின்று தீர்க்குமாம். எனக்குச் சிரிப்பு வந்தது.

"ஸ்டேப்ளர் அடிச்சா நோவு போயிருமாக்கா?"

"மருந்து அடிக்காம சும்மா இருக்கோணும். அதான் வைத்தியம்."

ஒரு விசேஷத்துக்காக அவள் நான்கு நாள் காங்கேயம் போனாள். தோப்புக்கு நான் காவல். இரண்டாம் நாள் காலை ஓர் ஓலையைப் புரட்டினேன். வெள்ளைக்கு நடுவே பொடிப்பொடியாகக் கருப்புப் புள்ளிகள். அடுத்த மரத்திலும் அதே. மேலே இருந்த பூசணம் கீழேயும் இறங்கிவிட்டது என்று முடிவு கட்டினேன். அக்காவுக்குப் போன் செய்திருக்கலாம். வேண்டாம் என்பாள் என்று தெரிந்துதான் செய்யவில்லை.

மதியத்துக்குள் டிராக்டர் ஸ்பிரேயரை வரவழைத்து எல்லா மரத்துக்கும் மருந்து அடித்தாயிற்று. வேலிக்கு அந்தப் பக்கத்து மரங்களிலும் அதே கருப்பு தெரிந்தது. தோப்புக்காரர் இல்லாத நேரத்தில் அவருக்கு ஒரு நல்லது செய்வோமே என்று அவற்றுக்கும் அடிக்கச் சொன்னேன்.

சாயங்காலம் பக்கத்துத் தோப்புக்காரர் வந்தார். ஓலையைப் புரட்டினார்.

"ஏனுங்க மாப்ள, அந்தக் கருப்புத்தானுங்க குளவி. உள்ள குளவி வளந்தா குஞ்சு கருப்பாயிருமுங்க. அக்காளுக்கு நான் குடுத்ததே இந்த வேலியோரத்து ஓலைதானுங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கடைசிவரை 'ங்க' போட்டுத்தான் பேசினார். அவமானத்தில் காது சுட்டது.

அக்கா வந்து பார்த்துவிட்டு, "நாலு நாள் சும்மா இருக்க முடியலியா கண்ணு?" என்றாள். அவ்வளவுதான்.

சில வாரங்களில் வெள்ளை ஈ திரும்பிவிட்டது. குளவி வரவில்லை. நாங்கள் போவதற்குள் எவனும் மருந்து அடித்துவிடாத தோப்பு எங்காவது இருக்கிறதா என்று நானும் பக்கத்துத் தோப்புக்காரரும் விசாரித்தபடி இருக்கிறோம். ஞாயிறு விடிந்தால் பைக்கை எடுத்துவிடுகிறேன். கையில் லென்ஸோடு மரம் மரமாக ஓலையைப் புரட்டி, அன்று பார்த்துப் பதறிய அதே கருப்புப் புள்ளியைத் தேடுகிறேன். ஒன்று கிடைத்தால் போதும்.

போன ஞாயிறு அக்காவும் கூடவே நடந்தாள். அன்றைக்கும் எல்லாம் வெள்ளையாகவே இருந்தது.

"உன்ற ஊட்டு மாடில வெயிலு ரொம்ப அடிக்குமா கண்ணு?" என்று கேட்டாள்.

நான் அடுத்த ஓலையைப் புரட்டினேன்.